பாட்டைப் பாடமாக்கிய தஞ்சைப் புலவர்

ஆசிரியப் பணியை நாடிச் செல்லும் இளைஞரும் நங்கையரும் நம் சமுதாயத்தில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். இசை வழிக் கற்பித்தல், கலை வழிக் கற்பித்தல் என்னும் தலைப்புகளை அவர்கள் பயிற்சிக் காலத்திலேயே கற்கின்றனர். மேனாட்டு அறிஞர் சிலரின் பெயர்களும் தாகூரின் சாந்திநிகேதனமும் அவர்களுக்கு நன்கு தெரியும். ஆனால் இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வானநூற் செய்திகளையும் நிலநூற் செய்திகளையும் குறவஞ்சி நாடகத்தில் வைத்துப் பாடிய தலைமையாசிரியர் ஒருவர் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்தார் என்பதை அவருள் அறிந்தோர் சிலரே. அவர்தாம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.

இவர் வரலாற்றை நம் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் எழுதத் துணிந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது செவிக்கு இனிய காரணம் அன்று. உரிய இடம் வரும்போது அதனையும் மறைக்காது கூறுவோம்.

வேதநாயகர் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை. சைவ வேளாளக் குடியினின்று கிறித்தவ நெறி தழுவியவர்; தமிழ்ப் புலமை வாய்ந்தவர். குற்றாலக் குறவஞ்சி பிறந்த சீமை அது. அருவியின் ஓசையும் குறத்தியின் பாட்டும் அங்கு வளரும் பிள்ளையின் காதில் விழாமல் இரா. ஆகவே பின்னாளில் இவர் குறவஞ்சியைக் கையில் எடுத்ததில் வியப்பொன்றும் இல்லை.

சிறுவனுக்கு அகவை பன்னிரண்டாகும் நாளில், 1785-ஆம் ஆண்டு, செருமானிய நாட்டுச் சமயத் தொண்டரான சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். பிள்ளையின் கூர்த்த அறிவைக் கண்டு, பெற்றோர் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் மாணாக்கனாக வைத்துக்கொண்டார். தஞ்சை அரசுரிமைக்குரிய இளவல் சரபோஜியும் அந்நாளில் சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்து வந்தார். சரபோஜி வேதநாயகரைவிட மூன்று வயது இளையவர். அரச குமாரனுக்கும் நெல்லைப் புலவர் மகனுக்கும் அக்காலத்தில் முளைத்த நட்பு இருவர் வாழ்விலும் நெடுங்காலம் நிலைத்தது.

பின்னர் வேதநாயகர் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். தரங்கம்பாடி அப்போது தானிய நாட்டார் கையிலிருந்த கடற்கரைப் பட்டினம். அங்கிருந்த செருமானிய ஆசிரியர்கள் சமயம் மட்டும் கற்பித்தவர்கள் அல்லர். ஜான் ஐயர் கடற்சிப்பிகளையும் பிற உயிர்ப் பொருள்களையும் சேர்த்து ஆராய்ந்தவர். ராட்லர் ஐயர் செடிகொடிகளைத் தேடித் திரிந்த தாவர நூலறிஞர். தமிழ் அகராதியும் தொகுத்தவர். இத்தகையோரிடம் வேதநாயகர் சமய நூலோடு வானநூல், நிலநூல், கணிதம், உடற்கூற்று நூல் ஆகியவற்றையும் கற்றார். ஞாயிற்றைக் கோள்கள் சுற்றி வருகின்றன என்னும் கோப்பர்னிக்கசின் கொள்கை 1543-இல் நூலாக வெளிவந்திருந்த போதிலும், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் அது நுழைந்திருக்கவில்லை. ஞாயிறு உலகைச் சுற்றுகிறது என்றே பஞ்சாங்கமும் பாட்டியும் சொல்லிக் கொண்டிருந்தனர். வேதநாயகர் ஏழு வயதுச் சிறுவனாயிருந்த 1781-ஆம் ஆண்டில்தான் யுரேனசு என்னும் கோள் கண்டறியப்பட்டது. அறிவு உலகம் அவ்வளவு வேகமாக விரிந்து கொண்டிருந்த காலத்தில், அதன் சாரல் தரங்கம்பாடி வழியாக ஒரு தமிழ் இளைஞன் மீது தெறித்தது.

1794-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், அவர் தஞ்சையில் தலைமையாசிரியர் ஆனார். பத்தொன்பது வயதுத் தலைமையாசிரியர்! முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற பிறகே அந்த நாற்காலியில் அமரும் நம் போன்றோர்க்கு இச்செய்தி சற்றே நகைப்பையும் சற்றே பொறாமையையும் தருகிறது.

அப்பள்ளி எத்தகைய பள்ளி என்பதை ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர் ஊன்றி நோக்க வேண்டும். அங்குப் பயின்றோர் உபதேசியார் ஆக வேண்டியவர்கள். உபதேசியார் என்போர் கோயிலில் வேதம் ஓதுவதோடு நின்றவர் அல்லர்; ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்தவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே இன்றைய ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தின் பழைய உருவம் என்று அப்பள்ளியைக் கூறினும் பொருந்தும். இப்படிப் பயின்று சிற்றூருக்குச் செல்லும் ஒருவனிடம் நிலப்படம் இராது, கரும்பலகை இராது, அச்சு நூல் அரிது. ஆனால் வாய் இருந்தது. கேட்போர்க்குக் காது இருந்தது. ஏட்டில் எழுதியது செல்லரிக்கும், நெஞ்சில் பதிந்த பாட்டு அரிபடாது. வேதநாயகர் தம் வாழ்நாளில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைப் பாட்டாகவே இயற்றியதன் காரணம் இங்குதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

இசைவழிக் கல்வி என்பது அவர் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றா எனின், அன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியையும் நிகண்டையும் ஓசையோடு கூவித்தான் மனனம் செய்தனர். மணலில் எழுதி, சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர் திருப்பிச் சொன்னார்கள். இதே காலத்தில்தான் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார் நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனையும் மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் அதனைச் சென்னை முறை என்று இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். நம் திண்ணையில் இருந்தது கப்பலேறிச் சென்று பெரும்பெயர் பெற்றது. நிற்க. திண்ணைப் பள்ளியில் ஓசை இருந்தது. புதிய அறிவு இல்லை. தரங்கம்பாடியில் புதிய அறிவு இருந்தது; தமிழ் ஓசை இல்லை. இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தது வேதநாயகரின் தனிச் சிறப்பு.

அச்சேர்க்கையின் சிறந்த விளைவு பெத்லகேம் குறவஞ்சி. 1800-ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது. குறவஞ்சியின் அமைப்பை அறியாத இளைஞர்க்காகச் சில சொற்கள். உலாப் போகும் தலைவனைக் கண்டு ஓர் உயர்குல நங்கை காதல் கொள்வாள், வாடுவாள், திங்களைப் பழிப்பாள். அப்போது கையில் கோலும் இடுப்பில் கூடையுமாகக் குறத்தி வருவாள். தன் மலையின் வளமும் தான் நடந்த நாடுகளின் வளமும் பாடி, நங்கையின் கை பார்த்துக் குறி சொல்லுவாள். பின்னர்க் குறவன் சிங்கன் அவளைத் தேடி வருவான். பாட்டும் ஆட்டமும் நகையும் நிறைந்த நாடகம் அது. வேதநாயகர் இந்த அமைப்பைக் கலைக்கவே இல்லை. தலைவன் பெத்லகேமில் பிறந்தவன் ஆனான். அவன்மேல் காதல் கொண்ட தேவமோகினி திருச்சபையின் உருவம் ஆனாள். இந்தச் சட்டத்திற்குள் ஞாயிற்று மண்டலமும், கோள்களும், நிலவுலகத்தின் கண்டங்களும் நாடுகளும் வந்து அமர்ந்தன. பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தில் இதனை விளக்குவது எளிது. அச்சு பழையது, ஊற்றிய குழம்பு புதியது. அச்சு கைக்குப் பழகியதாக இருந்தால்தான் புதிய மண் உடையாமல் வெளிவரும். மாணவனுக்கு அறிமுகமில்லாத பாடத்தை அறிமுகமில்லாத இசையில் கற்பிக்க முயலும் இளம் ஆசிரியர் பலர் இரண்டையும் ஒருங்கே இழப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இந்த நாடக வகையில் நாம் கண்டு வியக்கும் மற்றொன்று உண்டு. நிலநூல் கற்பிக்கும் ஆசிரியை யார்? குறத்தி. வீடில்லாதவள், பள்ளி காணாதவள், ஊர் ஊராய் நடந்தே உலகை அறிந்தவள். அரண்மனை நங்கை அவள்முன் கை நீட்டி அமர்ந்து கேட்கிறாள். பிற்காலத்தில் சரபோஜி மன்னரும் இந்த நயத்தைக் கண்டுகொண்டார். 1798-இல் அரியணை ஏறிய அவர் புதிய கல்விக்கென்று பள்ளிகள் நிறுவினார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார். மராத்தி மொழியில் தேவேந்திரக் குறவஞ்சி என்னும் நாடகமும் அவர் பெயரால் வழங்குகிறது. அதில் குறத்தி பாடுவது முழுவதும் உலக நிலநூல்தான். தஞ்சையில் ஒரு தலைமையாசிரியரும் ஒரு மன்னரும் ஒரே காலத்தில் உலகப் படத்தைக் குறத்தியின் வாயில் வைத்தனர். மேடைக்கு வெளியே நின்ற உண்மைக் குறத்தியை அரண்மனைத் தெருவில் யாரும் ஆசிரியை என்று அழைக்கவில்லை.

வேதநாயகர் குறவஞ்சியோடு நிற்கவில்லை. ஞானக் கும்மி, சாஸ்திரக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, நோவாவின் பேழை கட்டப்பட்ட கதையைக் கூறும் ஞானத்தச்ச நாடகம் என அவர் நூற்பெயர்கள் நீளும். பெயர்களைச் சற்றே நின்று படியுங்கள். கும்மி யாருடையது? நாற்று நட்டுக் களைத்த கைகளின் ஓய்வுநேர ஆட்டம் அது. ஏற்றப்பாட்டு யாருடையது? மின்சாரப் பொறி வருமுன் நம் பாட்டன்மார் துலாமரத்தில் ஏறி நடந்து மிதிக்க, கீழே ஒருவர் சால் பிடித்துக் கவிழ்க்க, விடியற்காலை இருளில் பாடிய பாட்டு அது. ஒவ்வொரு சாலுக்கும் ஓர் எண் சொல்லி அடி தொடுப்பது அதன் மரபு. எத்தனை சால் இறைத்தது என்ற கணக்குப் பாட்டிற்குள்ளேயே ஓடிக் கொண்டிருக்கும். எழுதப் படிக்க விடப்படாத மக்கள் நூறு நூறாக எண்ணக் கற்ற பள்ளி அந்த ஏற்றமரந்தான். தஞ்சைக் கழனியில் அம்மரத்தை மிதித்தோருள் நம் மக்கள் எத்தனை பேர் என்பதை விரித்துரைக்க வேண்டா. புலவர் அப்பாட்டைக் கேட்டார், அதன் ஆற்றலை அறிந்தார், எடுத்துக் கொண்டார்.

இன்று தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு முதல் தொடக்க வகுப்புகளில் நடத்திவரும் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் கற்பித்தற் கருவிகளாக இடம்பெற்றுள்ளன. அதற்கு முன்னர் 1990-களில் அறிவொளி இயக்கம் பாட்டாலும் வீதி நாடகத்தாலும் ஆயிரக்கணக்கான பெண்களைக் கையெழுத்திட வைத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக் கொண்ட மகளிரை நாடே வியந்து பார்த்தது. எனவே இசைவழிக் கல்வி பழைய புலவரோடு முடிந்த செய்தி அன்று.

எனினும் பயிற்சி ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளோம். பாட்டு நினைவைத் தரும். பொருளைத் தானாகத் தாராது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ஓரேழ் ஏழு என்று தொடங்கி, தலையாட்டிக் கொண்டே எட்டாவது அடிவரை பாடி வந்துதான் ஐம்பத்தாறு என்னும். இடையில் நிறுத்தினால் மறுபடியும் முதலடிக்கே ஓடும். அப்பிள்ளைக்குத் தெரிந்தது பாட்டு. பெருக்கல் இன்னும் தெரியவில்லை. ஆகவே பாட்டை நிறுத்தி வினாக் கேட்கத் தெரிந்தவரே பாட்டைக் கொண்டு கற்பிக்கத் தக்கவர்.

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஞாயிற்று மண்டலப் பாடத்தைக் கும்மியாக்கிப் பார்த்தோம். மண் முற்றத்தில் வட்டங்கள் வரைந்து, நடுவில் ஒரு மாணவி பித்தளைத் தட்டைக் கையிலேந்தி ஞாயிறாக நின்றாள். மற்றவர் தத்தம் வட்டத்தில் கும்மியடித்துச் சுற்றினர். புதனாகிய சிறுவன் மூச்சிரைக்க மூன்று சுற்று முடித்தபோது சனி இன்னும் புறப்பட்ட இடத்தருகிலேயே நின்றது. புதனுக்கு ஒரு சுற்று 88 நாள். நம் பூமிக்கு 365 நாள். சனிக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு என்று அப்போது சொன்னோம். பூமியானவள் தன்னைத்தானும் சுற்ற வேண்டியிருந்ததால் தலைசுற்றி அமர்ந்துவிட்டாள். அமர்ந்தவளின் முதுகு தட்டை நோக்கி இருந்தது. இப்போது அவள் முகத்தில் இரவு என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கூவினான். நாம் சொல்லிக் கொடுக்காத வாக்கியம் அது. அப்பையன் ஓராண்டு முழுதும் வகுப்பில் வாய் திறவாதவன்.

இதே பள்ளி வாழ்க்கையில் வேறொன்றும் கண்டோம். ஆண்டுவிழாவொன்றில் நம் தெருப் பிள்ளைகள் பறை கொண்டுவந்து அடிக்க விரும்பியபோது, அது சாவுக்கு அடிப்பது, பள்ளிக்கு ஆகாது என்று தடுத்தவர் உண்டு. நம்முள்ளேயே சில பெரியவர்கள், இழிவென்று நாம் உதறியதைப் பிள்ளை கையில் மறுபடியும் கொடுக்கிறீர்களே என்று வருந்தியதும் உண்டு. அவ்வருத்தம் பொருளற்றது அன்று. கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த பறை வேறு, விரும்பிக் கற்கும் பறை வேறு என்பதே நம் விடை. தாளத்தின் கணக்கைக் கற்பிக்க அதனினும் நல்ல கருவி எளிய விலைக்குக் கிட்டாது.

இனி, முன்னர்க் கூறாது வைத்த காரணத்திற்கு வருவோம்.

தஞ்சைக் கிறித்தவச் சபையில் சாதி இருந்தது. கோயிலுக்குள் வேளாளர் ஒருபுறமும் நம்மவர் ஒருபுறமும் அமர்ந்தனர். இது வேதநாயகர் உண்டாக்கியது அன்று. அவர் பிறக்குமுன்னரே வேரூன்றியது. அவருக்கு ஒரு தலைமுறைக்கு முன் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்த இராசநாயக்கனார் பறையர் குலத்தில் தோன்றியவர். தஞ்சை மன்னர் படையில் பணிபுரிந்தவர். வேதநூலைத் தாமே படித்துத் தெளிந்து வந்தவர். அவருக்குக் குருப்பட்டம் அளிக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அவர் கையால் நற்கருணை பெற வேளாளர் இசையமாட்டார் என்று மிஷனார் அஞ்சினர். 1741-இல் பட்டம் வேறொருவருக்குச் சென்றது. இராசநாயக்கனார் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். தமிழ்நாட்டில் நம் மக்களுள் புதிய முறைக் கல்வி கற்று, பிறர்க்கும் கற்பித்த முன்னோருள் அவர் ஒருவர். அவர் பெயரை நம் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே இதனை ஈண்டுச் சேர்த்தோம்.

1820-களில் தஞ்சைக்கும் சென்னைக்கும் வந்த புதிய மிஷனார் சிலர் சாதிப் பிரிவினையைச் சபையிலிருந்து நீக்க முனைந்தனர். எல்லாரும் கலந்து அமர வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை அருந்த வேண்டும் என்றனர். அவர்களே தமிழ்க் கீர்த்தனைகளையும் வழிபாட்டினின்று விலக்கி, ஐரோப்பிய மெட்டுகளை நிலைநாட்ட முயன்றனர். பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பை மாற்றினர். திருநாளிலும் திருமணத்திலும் மலர் அணிவதைக் கூடத் தடுத்தனர். வேதநாயகர் கொதித்தெழுந்தார். 1829-ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய எதிர்ப்பு உரைகளில் இந்நான்கையும் கொடுமைகள் என்றே வரிசைப்படுத்தினார். தமிழ்ப் பாட்டைப் பறிப்பது ஒரு கொடுமை. பறையரோடு கலந்து அமரச் செய்வதும் அவருக்கு ஒரு கொடுமை. சாதி வேற்றுமையை நிலைநிறுத்த அவர் கூறிய காரணங்களும், நம் மக்களின் உணவையும் உடையையும் பற்றி அவர் எழுதியனவும் கிடைக்கின்றன. அவற்றை இம்மலரில் எடுத்தெழுத நம் கை கூசுகிறது.

இதனை ஒருவாறு தேற்றிச் சொல்வோர் உண்டு. காலத்தின் இயல்பு அது என்பர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. அதே காலத்தில், அதே ஊரில், வேறுவிதமாக எண்ணியவரும் இருந்தனர் என்பதற்கு அந்தச் சண்டையே சான்று. மாறாக, சாதியை எதிர்த்த மிஷனார் எல்லாவற்றிலும் நேர்மையாளர் என்று கொள்வதும் பிழை. தமிழ்ப் பிள்ளையின் செவிக்கு ஐரோப்பிய மெட்டு எளிதில் ஒட்டாது என்று வேதநாயகர் உரைத்தது முற்றிலும் உண்மை. சாதியை நீக்கப் புகுந்தவர்கள் பாட்டையும் நீக்கினார்கள். பாட்டைக் காக்கப் புகுந்தவர் சாதியையும் காத்தார். ஏற்றமரத்தில் நின்று பாடியவனின் பாட்டு இவருக்கு வேண்டியிருந்தது. அவன் பக்கத்தில் அமர்வது வேண்டாததாயிற்று. இருதரப்புச் சண்டைக்கிடையே, பாயின் மறுபுறத்தில் அமர்ந்திருந்த நம் முன்னோர் என்ன எண்ணினர் என்று கேட்டு எழுதியவர் இல்லை.

இச்சண்டையில் வேதநாயகர் மிஷனில் தமக்கிருந்த இடத்தை இழந்தார். இளமைத் தோழரான சரபோஜி மன்னர் கைவிடவில்லை. தம் அவையில் புலவராக வைத்து ஆதரித்தார். சைவச் சூழல் மிக்க அரண்மனையில் கிறித்தவப் பாடல்களையே பாடிய புலவருக்கு மன்னர் பொருள் கொடுத்துக் காத்தது அவருடைய பெருந்தன்மையைக் காட்டும். ஆயினும் 1832-இல் மன்னர் மறைந்தார். அடுத்த ஆண்டில் கல்கத்தாப் பேராயர் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையில் தயக்கமின்றி, உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டுமென்று ஆணை பிறப்பித்தார். தஞ்சையில் வேளாளக் குடும்பங்கள் பல சபையை விட்டு விலகின. ஆணைக்கு இணங்காத உபதேசியாரும் பள்ளியாசிரியரும் வேலை இழந்தனர். நாற்காலி காலியான பள்ளிகளில் நம் மக்கள் உடனே ஆசிரியராய் அமர்ந்தனர் என்று எண்ணிவிட வேண்டா. அதற்கு இன்னும் நெடுநாள் ஆயிற்று.

வேதநாயகரின் பிற்கால வாழ்வில் வறுமை மிகுந்திருந்தது. சுவிசேடக் கவிராயர் என்று பட்டம் பெற்றவர், பெரிய அவைகளில் பெத்லகேம் குறவஞ்சியை அரங்கேற்றியவர், முதுமையில் ஆதரவு நாடும் நிலைக்கு வந்தார். எனினும் பாடுவதை நிறுத்தவில்லை. ஊர் ஊராய்ச் சென்று இசைக்கருவிகளோடு கதை நிகழ்த்தினார். தம் மகள் ஞானதீப அம்மாளையும் இசையிலும் புலமையிலும் பயிற்றினார். பெண்ணைப் பாடவைப்பதே பழியென்று கருதப்பட்ட நாளில் அது சிறிய செயல் அன்று.

அவர் வாழ்ந்த தொண்ணூறாண்டுகளுக்குள் அடங்கிய தமிழிசை வரலாறு மிகப் பெரிது. திருவையாற்றில் தியாகராசர் பாடியதும், முத்துசாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் பாடியதும் அவர் காலமே. அவருடைய இறுதி ஆண்டுகளில், 1861-ஆம் ஆண்டையொட்டி, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் அச்சேறின. தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு நின்ற பண்ணையாளின் குரல் அப்பாட்டின் வழியே தமிழ்நாடெங்கும் கேட்டது. தஞ்சைப் புலவர் அதனைக் கேட்டாரா என்று எண்ணிப் பார்க்க ஆவல் எழுகிறது.

1864-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24-ஆம் நாள் வேதநாயக சாஸ்திரியார் தஞ்சையில் மறைந்தார். அவர் வழியினர் அவருடைய பாடல் மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். அதனினும் பெரிய அளவில் அவர் கீர்த்தனைகளைக் காத்தவர் வேறு மக்கள். அவர் மறைவுக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் நம் மக்கள் பல்லாயிரவராய்க் கிறித்தவச் சபைகளில் சேர்ந்தனர். ஓலைக் கூரைக் கோயில்களிலும் அவற்றை ஒட்டிய ஒற்றை அறைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் முதலில் வாய்ப்பாடமாகக் கற்றது தமிழ்க் கீர்த்தனைகளையே. ஐரோப்பிய மெட்டுகளை வற்புறுத்திய மிஷனாரும் காலப்போக்கில் இறங்கி வந்தனர். இன்றும் நம் மாவட்டத்துச் சேரிகளில், மார்கழிக் குளிரில், ஆர்மோனியமும் கஞ்சிராவும் கையில் விளக்குமாகத் தெருவெல்லாம் பாடிச் செல்லும் சிறுவர் கூட்டத்தைக் காணலாம். அவர்கள் பாடும் கீர்த்தனைகளுள் சில அந்தத் தலைமையாசிரியர் எழுதியவை. இயற்றியவர் பெயரைக் கேட்டால் சிறுவர்க்குச் சொல்லத் தெரியாது. தாளம் மட்டும் ஓரிடத்திலும் பிசகாது.